குதிரையைப் பாராதே, லாயத்தைப் பார்!

நளன் கதை நமக்குப் புதிதல்ல. சூதில் நாட்டை இழந்த நளன், இருதுபன்ன மன்னனிடம் தேரோட்டியாக வேலைக்கு அமர்ந்தான். குதிரைகளின் உள்ளத்தை அறிந்தவன் நளன். இருதுபன்னனோ எண்ணுவதில் வல்லவன். வழியில் நின்ற ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில், அதில் இத்தனை இலை, இத்தனை காய் என்று சொல்லிவிட்டான். இருவரும் தங்கள் வித்தைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். குதிரை வித்தை அரசனுக்கு. எண் வித்தை நளனுக்கு.

இந்த இரண்டு வித்தைகளையும் ஒன்றாகக் கலந்து பணம் பண்ண முடியுமா என்று பார்க்கும் கூட்டம் இன்றும் உலகில் இருக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் பந்தய மைதானத்துக்கு வரும் இவர்கள், குதிரையின் பெயரைப் பார்க்குமுன் அதைப் பழக்கிய பயிற்சியாளரின் பெயரைப் பார்க்கிறார்கள். அவர் இந்த மாதம் எத்தனை குதிரைகளை ஓடவிட்டார், எத்தனை ஜயித்தன, எப்படிப்பட்ட பந்தயத்தில் ஜயித்தன என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். “குதிரை எழுதப் படிக்கத் தெரியாத பிராணி. எந்தப் பந்தயத்தில் ஓடுவது என்று அது முடிவு செய்வதில்லை. முடிவு செய்கிறவனைப் பார்” என்பது இவர்களுடைய வாதம்.

வாதம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பி மடியில் இருக்கும் பணத்தை அவிழ்க்கலாமா? அதுதான் கேள்வி.

லாயத்தின் எஜமானர்

பந்தயம் முடிந்ததும் ஜாக்கிக்கு மாலை விழுகிறது. சொந்தக்காரர் கோப்பையை வாங்கிக்கொள்கிறார். பயிற்சியாளர் ஓர் ஓரமாக நிற்பார். ஆனால் அந்தக் குதிரை அன்றைக்கு அங்கே வந்து நின்றதே அவரால்தான்.

விடிவதற்கு முன்பே அவர் வேலை தொடங்கிவிடுகிறது. எந்தக் குதிரை இன்று வேகமாக ஓட வேண்டும், எது மெல்ல நடந்தால் போதும், எதற்குக் கால் சூடாக இருக்கிறது, எது நேற்றுத் தீனியை மிச்சம் வைத்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறுகிய தூரமா, நீண்ட தூரமா? புல் தரையா, மண் தரையா? கண்ணுக்கு மறைப்பு கட்டலாமா, வேண்டாமா? எந்த ஜாக்கியை ஏற்றுவது? எல்லாம் அவர் முடிவு.

ஒரே தொழிலில் இருந்தாலும் எல்லாப் பயிற்சியாளருக்கும் கைப்பக்குவம் ஒன்றல்ல. ஒரே அரிசி, ஒரே பருப்பு. ஆனால் வீட்டுக்கு வீடு சாம்பார் வேறு அல்லவா? ஒருவர் இரண்டு வயதுக் குட்டியை முதல் ஓட்டத்திலேயே ஜயிக்கும்படி தயார் செய்து கொண்டுவருவார். மற்றொருவர் முதல் இரண்டு ஓட்டங்களைப் பாடமாகவே நினைப்பார். மூன்றாவதில்தான் அவர் குதிரை விழித்துக்கொள்ளும். இன்னொருவர் ஆறு மாதம் ஓய்வில் இருந்த குதிரையை முதல் நாளே முழு வேகத்தில் ஓடவைப்பதில் கெட்டிக்காரர். இந்தப் பழக்கங்கள் சுலபத்தில் மாறுவதில்லை. மாறாத பழக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். இங்கேதான் கணக்கு உள்ளே நுழைகிறது.

கணக்கு எப்படி வந்தது?

நம் நாட்டில் ‘ஹாண்டிகாப்’ என்றால் குதிரைகளுக்கு ஏற்றத்தாழ்வாக எடை வைத்து ஓடவிடுவது என்று பொருள். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. எந்தக் குதிரை ஜயிக்கும் என்று ஆராய்ந்து கணிப்பதையும் அவர்கள் அப்படியே சொல்கிறார்கள்.

அந்த ஆராய்ச்சிக்கு அடிப்படையான ‘டெய்லி ரேசிங் பார்ம்’ என்ற பத்திரிகை 1894-ம் ஆண்டு சிகாகோ நகரில் தொடங்கியது. ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் வரிசையாக அச்சிட்டுத் தருவது அதன் சிறப்பு. வெகு காலம் வரை குதிரையின் கணக்குத்தான் அச்சில் கிடைத்தது. பயிற்சியாளரின் கணக்கு வேண்டுமென்றால் அவரவர் பத்திரிகையை வெட்டி ஒட்டி, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதியவர்கள் நோட்டைப் பெட்டகம் போலக் காத்தார்கள்.

1979-ல் வில்லியம் குவிரின் என்ற கணிதப் பேராசிரியர், கம்ப்யூட்டரைக் கொண்டு பந்தய முடிவுகளை ஆராய்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். நாடி ஜோசியம் போல இருந்த விஷயத்தில் நூற்றுக்கு இத்தனை என்ற பேச்சு புகுந்தது. பிற்காலத்தில் பயிற்சியாளர் கணக்குகளையும் ‘ரேசிங் பார்ம்’ பத்திரிகை ஒவ்வொரு குதிரையின் கீழும் அச்சிடத் தொடங்கியது. இந்தப் பயிற்சியாளர், இத்தகைய நிலையில், இத்தனை குதிரைகளை ஓடவிட்டார்; நூற்றுக்கு இத்தனை ஜயித்தன; இரண்டு டாலர் கட்டியவருக்குச் சராசரியாக இவ்வளவு திரும்பி வந்தது. இவ்வளவும் ஒரே வரியில் அடங்கிவிடும்.

நூற்றுக்கு எத்தனை?

இந்த ஒரு வரியைப் படிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு பயிற்சியாளரின் குதிரைகளில் நூற்றுக்கு 15 ஜயிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இது நல்லதா, கெட்டதா? எத்தனை குதிரைகள் ஓடும் பந்தயம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஆறு குதிரைகள் ஓடும் பந்தயத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே நூற்றுக்கு 16 அல்லது 17 முறை அது ஜயிக்கும். அங்கே 15 என்பது மட்டம். பன்னிரண்டு குதிரைகள் ஓடினால் கண்மூடித் தொட்டவனுக்குக் கிடைப்பது நூற்றுக்கு எட்டுதான். அங்கே 15 என்பது பெரிய சாதனை.

ஆகையால் கணக்குத் தெரிந்தவர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள். ஓடிய குதிரைகளில் நூற்றுக்கு 10 இவருடையவை. ஜயித்தவற்றில் நூற்றுக்கு 15 இவருடையவை. பதினைந்தைப் பத்தால் வகுத்தால் ஒன்றரை. ஒன்றுக்கு மேல் இருந்தால் தன் பங்குக்கு மேல் ஜயிக்கிறார். கீழே இருந்தால் பங்குக்குக் குறைவு.

அடுத்த பள்ளம் இதைவிட ஆழமானது. “ஓய்வுக்குப் பிறகு வரும் குதிரைகளில் இவருக்கு 10-க்கு 3 வெற்றி” என்று வரி சொல்கிறது. நூற்றுக்கு முப்பது! கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் உண்மையில் நூற்றுக்கு 12 ஜயிக்கும் சாதாரணப் பயிற்சியாளர் ஒருவருக்குக்கூட, பத்து ஓட்டத்தில் மூன்றோ அதற்கு மேலோ வெற்றி கிடைப்பது ஒன்பதில் ஒரு முறை தற்செயலாகவே நடந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் 90 பேர் இருந்தால், அவர்களில் சுமார் பத்துப் பேர் அதிர்ஷ்டத்தாலேயே மேதைகளாகத் தெரிவார்கள்! அதே நூற்றுக்கு முப்பது, 200 ஓட்டத்தில் 60 வெற்றியாக வந்திருந்தால் கதை வேறு. அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

கணக்கை நுணுக்கமாகப் பிரிக்கப் பிரிக்க இந்த ஆபத்து வளர்கிறது. ஓய்வுக்குப் பின், புல் தரையில், நீண்ட தூரத்தில், இந்த ஜாக்கியோடு என்று நான்கு சல்லடையில் சலித்தால் கடைசியில் மிஞ்சுவது ஐந்தாறு ஓட்டங்கள். அதைக் கொண்டு பணம் கட்டுவது, இரண்டு மழையைப் பார்த்துப் பருவமழையைக் கணிப்பது போல.

ஜயிப்பது வேறு, லாபம் வேறு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்குத்தான்.

ஒரு பயிற்சியாளரின் புதுக் குதிரைகளில் நூற்றுக்கு 25 ஜயிக்கின்றன. ஆனால் அவர் பெயர் பிரசித்தம்; எல்லோரும் அவர் குதிரை மீதே கட்டுகிறார்கள். ஆகவே இரண்டு டாலருக்குச் சராசரியாக 6 டாலர் 40 சென்ட்தான் திரும்புகிறது. நூறு முறை இரண்டிரண்டாகக் கட்டினால் செலவு 200 டாலர், வரவு 160. நாற்பது டாலர் நஷ்டம்!

இன்னொருவரின் குதிரைகள் நூற்றுக்கு 10 தான் ஜயிக்கின்றன. அவரை யாரும் கவனிப்பதில்லை. ஜயித்தால் இரண்டு டாலருக்குச் சராசரி 24 டாலர் கிடைக்கிறது. செலவு அதே 200, வரவு 240. நாற்பது டாலர் லாபம். கெட்டிக்காரரை நம்பியவன் நஷ்டப்பட்டான். பெயர் தெரியாதவரை நம்பியவன் பிழைத்தான்.

ஆனால் அவசரம் வேண்டாம். அந்தப் பத்து வெற்றிகளில் ஒன்று மட்டும் நூறு டாலர் கொடுத்த வெற்றியாக இருந்தால்? அதை நீக்கிப் பார்த்தால் வரவு 140 ஆகிவிடுகிறது. லாபம் முழுவதும் ஒரே ஒரு குதிரையின் முதுகில் வந்ததுதான்! அடுத்த ஆண்டும் அப்படி ஒரு குதிரை வரும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

எண்ணுக்குப் பின்னால் மனிதர்

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மவுண்டனீர் என்ற சிறிய பந்தய மைதானம் இருக்கிறது. அங்கே குதிரைகளைப் பழக்கிவந்த டேல் பேர்ட் என்பவர், 2007-ல் இறக்கும்போது 9,445 பந்தயங்களை ஜயித்திருந்தார். பெரும்பாலும் குறைந்த விலைக் குதிரைகள், சிறிய பரிசுகள். 2021 ஆகஸ்டில் ஸ்டீவ் அஸ்முசன் என்பவர் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார். இவரோ நாட்டின் பல மைதானங்களில் ஒரே சமயத்தில் குதிரைகளை ஓடவிடுபவர். பெரிய கோப்பைகளையும் வென்றவர். அன்று இருவர் எண்ணிக்கையும் அருகருகே நின்றது. இருவர் தொழிலும் ஒன்றல்ல.

டி. வெய்ன் லூகஸ் என்பவரின் கதை இன்னும் ருசிகரமானது. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர், குதிரை பழக்க வந்தார். 1999-ல் அவரிடம் ‘கரிஸ்மாடிக்’ என்ற குதிரை இருந்தது. அமெரிக்காவில் ‘கிளெய்மிங்’ பந்தயம் என்று ஒன்று உண்டு. அதில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் முன்கூட்டியே விலை குறித்துவிடுவார்கள். அந்த விலையைக் கட்டி வேறொரு சொந்தக்காரர் குதிரையைக் கொண்டுபோய்விடலாம். அந்த ஆண்டு பிப்ரவரியில் கரிஸ்மாடிக் 62,500 டாலர் விலைச் சீட்டோடு அப்படி ஒரு பந்தயத்தில் ஓடியது. வாங்க ஆள் இல்லை. மே மாதம் அதே குதிரை கென்டக்கி டெர்பியை ஜயித்தது! இரண்டு டாலர் கட்டியவருக்கு 64 டாலர் 60 சென்ட் கிடைத்தது. ஜூன் மாதம் பெல்மாண்ட் பந்தயத்தின் முடிவில் அதன் கால் முறிந்தது. ஜாக்கி கீழே குதித்து அந்தக் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியை அமெரிக்கா மறக்கவில்லை. விலைச் சீட்டோடு ஓடிய குதிரை டெர்பியை ஜயிக்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லியிருக்காது. ஆனால், அதற்கு முன்பே மூன்று முறை டெர்பி ஜயித்த மனிதரின் லாயத்திலிருந்து வருகிறது என்ற ஒரு விஷயம் மட்டும் அச்சில் இருந்தது.

ஆலன் ஜெர்கின்ஸ் என்பவருக்கு ‘ராட்சதர்களை வீழ்த்துபவர்’ என்றே பட்டப்பெயர். 1962, 1963 ஆண்டுகளில் கெல்சோ என்ற மாபெரும் குதிரையை, தம்முடைய ‘போ பர்ப்பிள்’ குதிரையைக் கொண்டு மூன்று முறை தோற்கடித்தார். 1973-ல் செக்ரடேரியட் என்ற அதிசயக் குதிரை நாட்டையே கிறுகிறுக்க வைத்திருந்த நேரம். அதை இவருடைய ‘ஆனியன்’ ஆகஸ்டிலும், ‘புரூவ் அவுட்’ செப்டம்பரிலும் தோற்கடித்தன. ஒரு முறை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். ஐந்து முறை நடந்தால் அதற்குப் பெயர் கைத்திறன்.

கணக்கு கைவிட்ட இடம்

இங்கிலாந்தின் ஹென்றி செசில் பத்து முறை அந்த நாட்டின் முதன்மைப் பயிற்சியாளர் என்ற பெருமை பெற்றவர். இரட்டையராகப் பிறந்த சகோதரரை 2000-ல் இழந்தார். சொந்த வாழ்க்கையில் துன்பங்கள் தொடர்ந்தன. லாயத்தில் குதிரைகள் குறைந்தன. 2005-ம் ஆண்டு முழுவதும் அவருக்குக் கிடைத்த வெற்றிகள் பன்னிரண்டே பன்னிரண்டு. அடுத்த ஆண்டு புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள்.

கணக்கை மட்டும் பார்த்தவர்கள் அவர் பெயரை அடித்துவிட்டிருப்பார்கள். ஆனால் 2007-ல் ‘லைட் ஷிப்ட்’ என்ற அவருடைய குதிரை ஓக்ஸ் பந்தயத்தை ஜயித்தது. 2010 முதல் 2012 வரை ‘பிராங்கெல்’ என்ற அவருடைய குதிரை 14 பந்தயங்களில் ஓடி 14-லும் ஜயித்தது. 2013-ல் அவர் காலமானார். மனிதருக்கு வந்த துக்கத்தையும் நோயையும், மீண்டும் வந்த நல்ல குதிரைகளையும் நூற்றுக் கணக்கு அறியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கணக்கு மிக நன்றாக இருந்தாலும் சந்தேகிக்க வேண்டிய சமயம் வரும். ஜார்ஜ் நவாரோ, ஜேசன் சர்விஸ் என்ற இரு அமெரிக்கப் பயிற்சியாளர்களின் வெற்றி விகிதம் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து நின்றது. அவர்கள் குதிரைகளில் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டினவர்கள் உண்டு. 2020 மார்ச் மாதம் குதிரைகளுக்கு ஊக்க மருந்து கொடுத்ததாக இருவர் மீதும் மத்திய சர்க்கார் வழக்குத் தொடுத்தது. இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நவாரோவுக்கு ஐந்து ஆண்டும், சர்விசுக்கு நான்கு ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எண் பொய் சொல்லவில்லை. ஆனால் அது அளந்தது கைத்திறனை மட்டும் அல்ல. வாய் இல்லாத ஜீவன்கள் அதற்கு விலை கொடுத்தன.

எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

பயிற்சியாளர் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் இருந்த வரை அதற்கு மதிப்பு உண்டு. அச்சில் வந்ததும் எல்லோரும் அதையே பார்த்துப் பணம் கட்டினார்கள்; கட்டக் கட்டக் கிடைக்கும் தொகை குறைந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த புதையலில் யாருக்கு என்ன மிச்சம்?

இதை நன்றாக உணர்ந்தவர் பில் பெண்டர் என்ற அமெரிக்கர். 1980-களில் ஹாங்காங் சென்று, கம்ப்யூட்டரின் துணையோடு பந்தயம் கட்டத் தொடங்கினார். ஹாங்காங்கில் பந்தயம் நடப்பது ஹாப்பி வேலி, ஷா டின் என்ற இரண்டே மைதானங்களில். அதே குதிரைகள், அதே பயிற்சியாளர்கள், அதே ஜாக்கிகள் திரும்பத் திரும்ப மோதுகிறார்கள். கணக்கு எடுக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. 1994-ல் தம் அனுபவத்தை ஒரு கட்டுரையாக அவர் வெளியிட்டார். அதில் ஒரு முக்கியமான பாடம் உண்டு: தம்முடைய கணக்கை மட்டும் அவர் நம்பவில்லை. ஜனங்கள் எந்தக் குதிரையில் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். கூட்டத்துக்கும் அறிவு உண்டு என்பதை மதித்த பிறகே, கூட்டம் எங்கே தவறுகிறது என்பது தெரியவந்தது.

கிண்டியும் சுப்ரீம் கோர்ட்டும்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். பயிற்சியையும் திறமையையும் பற்றிய இதே கேள்வி, நம் கிண்டியிலிருந்து டெல்லி வரை போயிருக்கிறது.

கிண்டியில் 1777 முதலே குதிரைப் பந்தயம் நடந்து வந்திருக்கிறது. குடும்பங்களைக் கெடுக்கிறது என்ற காரணத்தால் 1974-ல் தமிழ்நாடு சட்டசபை பந்தயம் கட்டுவதைத் தடை செய்யச் சட்டம் இயற்றியது. 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பைச் சர்க்காரே எடுத்துக்கொள்ளவும் ஒரு சட்டம் வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஜனவரியில் டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது. குதிரையின் வேகமும் தாங்கும் சக்தியும் பயிற்சியால் வருபவை. ஜாக்கியின் திறமையும் வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஆகவே இது பெரும்பாலும் திறமையைச் சார்ந்த போட்டியே தவிர வெறும் அதிர்ஷ்டச் சூதாட்டம் அல்ல என்று கோர்ட்டு முடிவு செய்தது. பயிற்சியாளரின் உழைப்பு, சட்டப் புத்தகத்திலும் இடம் பிடித்துவிட்டது!

2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் சுமார் 160 ஏக்கர் நிலக் குத்தகையைத் தமிழ்நாடு சர்க்கார் ரத்து செய்தது. அந்த வழக்கு தனிக் கதை.

கோர்ட்டு சொன்னதை ஒன்று கவனிக்க வேண்டும். திறமை உண்டு என்றுதான் சொன்னது. அந்தத் திறமை பணம் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் உண்டு என்று சொல்லவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

கடைசியாக ஒரு கணக்கு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

‘டோட்’ முறையில், கட்டிய பணம் முழுவதும் ஒரு பானையில் விழுகிறது. நடத்துகிறவர்கள் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொண்டு, மீதியை ஜயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். நூறு ரூபாயில் இருபதை எடுத்துவிட்டால் மீதி எண்பது. அந்த எண்பதிலிருந்து ஒருவன் தன் நூறை மீட்டுக்கொள்ள வேண்டுமானால், கூட்டத்தின் சராசரியைவிட அவன் கால் பங்கு கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். லாபத்துக்கு அல்ல, கையைச் சுட்டுக்கொள்ளாமல் வீட்டுக்குத் திரும்புவதற்கு! அதற்கு மேல் வரி வேறு. நம் நாட்டில் ஜி.எஸ்.டி. வந்தபோது குதிரைப் பந்தயத்துக்கு 28 சதவிகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவிகிதம். வரி ஏற ஏற, கணக்கப்பிள்ளையின் கெட்டிக்காரத்தனமும் அந்த அளவுக்கு ஏறியாக வேண்டும்.

அமெரிக்காவில் கூட்டம் ஏகோபித்து நம்பும் ‘பேவரிட்’ குதிரை மூன்றில் ஒரு முறை ஜயிக்கிறது. அப்படியானால் மூன்றில் இரண்டு முறை, ஊர் முழுவதும் சேர்ந்து நம்பியது பொய்த்துப்போகிறது. பயிற்சியாளர் கணக்கு இந்த இருட்டில் ஒரு சிறு விளக்கு. எதிரே பள்ளம் இருக்கிறதா என்று அது காட்டும், பள்ளத்தைத் தூர்த்துவிடாது.

குதிரைகளை நேசிக்கிறவருக்கு இந்தக் கணக்கு நல்ல பொழுதுபோக்கு. கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, காசு கட்டாமல், பத்துப் பயிற்சியாளர்களை ஆறு மாதம் கவனித்து எழுதிப் பாருங்கள். ஓய்வுக்குப் பின் யார் குதிரை ஓடுகிறது, யார் புதுக் குட்டியைப் பொறுமையாகப் பழக்குகிறார், யார் எந்த ஜாக்கியை எப்போது அழைக்கிறார் என்பதெல்லாம் ஒரு நாவலைப் போல விரியும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் பத்து ரூபாய் கட்டியதாக எழுதி, ஆறு மாதம் கழித்துக் கூட்டிப் பாருங்கள். அந்த மொத்தத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அது லாபத்தில் நின்றாலும் சரி, நஷ்டத்தில் நின்றாலும் சரி, அந்த மாதத்து அரிசிக்கும் வீட்டு வாடகைக்கும் வைத்த பணம் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும். பந்தய மைதானத்திலிருந்து அப்படித் திரும்பியவர்கள் அதிகம் பேர் இல்லை.